கலோரிக் கணக்கு வந்த கதை

எங்கள் காலனி பூங்காவில் காலை ஆறு மணிக்கு நடக்கிற ஓய்வூதியக்காரர்கள் ஏழெட்டுப் பேர். நடை முடிந்ததும் பூங்கா வாசலில் டீக்கடை. அங்கே நண்பர் ஒருவர் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்ப்பார். "இன்னிக்கு 260 கலோரி சார். ரெண்டு வடைக்கு வந்தாச்சு" என்பார். நாங்களும் ஆளுக்கு இரண்டு உளுந்து வடை எடுத்துக்கொள்வோம். குற்ற உணர்ச்சியே கிடையாது. சம்பாதித்ததைத்தானே செலவு செய்கிறோம்!

நான் 34 வருடம் வங்கியில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் கம்ப்யூட்டர் வருவதற்கு முந்தைய லெட்ஜர் காலம். ஒரு ரூபாய் பத்துப் பைசா இடிக்கிறது என்று ராத்திரி ஒன்பது மணி வரை தேடியவர்களுக்கு என் மனநிலை புரியும். அதனால், போன ஆகஸ்டில் டாக்டர் என்னை எடை மேடையில் ஏற்றி, "82 இருக்கீங்க. எட்டு கிலோ குறைச்சாகணும். இல்லைன்னா சர்க்கரைக்கு மாத்திரையைக் கூட்டணும், முட்டியும் ரொம்ப நாள் தாங்காது" என்று சொன்னதும், வீட்டுக்கு வரும் வழியிலேயே ஒரு நீள நோட்டு வாங்கிவிட்டேன். இடது பக்கம் வரவு, அதாவது சாப்பாடு. வலது பக்கம் செலவு, அதாவது நடை.

ஒரு கிலோ கொழுப்புக் கரைய ஏறக்குறைய 7,700 கலோரி என்று எல்லா இடத்திலும் போட்டிருக்கிறது. எட்டு கிலோவுக்கு 61,600. நாளுக்கு 500 குறைத்தால் 123 நாள். ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்தால் டிசம்பர் நடுவில் முடிந்துவிடும். மார்கழி பிறக்கும்போது ஆள் 74 கிலோ.

டிசம்பர் நடுவில் 79 இருந்தேன். பொங்கலுக்கு 80. நோட்டின்படி எட்டு கிலோ போயிருக்க வேண்டும். தராசின்படி போனது மூன்று, அதிலும் ஒன்று திரும்பி வந்துவிட்டது. வங்கியில் இப்படி ஒரு வித்தியாசம் வந்திருந்தால் ஆய்வுக்கு ஆள் வந்திருப்பார்கள். இந்தக் கணக்குமுறையை ஆதியில் எழுதியது யார், எதற்காக எழுதினார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். மூன்று மாதம் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

உடம்பை லெட்ஜராகப் பார்த்த முதல் ஆள் என்று இத்தாலியின் பாதுவா நகரத்து மருத்துவர் சான்டோரியோவைச் சொல்லலாம். பெரிய தராசில் ஒரு நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் உட்கார்ந்து சாப்பிட்டு, வேலை பார்த்து, உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் முப்பது வருடம் எடை போட்டார். எட்டு பவுண்டு சாப்பிட்டால் கழிவாக வெளியேறுவது மூன்று பவுண்டுதான். மீதி கண்ணுக்குத் தெரியாமல் ஆவியாகப் போகிறது என்று 1614-ல் புத்தகம் போட்டார். குறித்த அளவு சாப்பிட்டதும் நாற்காலி கீழே இறங்கிவிடும்படியும் ஏற்பாடு இருந்ததாம். எங்கள் வீட்டில் அந்த வேலையைச் செய்ய ஆள் இருக்கிறார், நாற்காலி தேவையில்லை.

ஆனால் எடை வேறு, கலோரி வேறு. கலோரி என்பது சூடு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைத்தான் சாப்பாட்டு விஷயத்தில் ஒரு கலோரி என்கிறோம். உடம்பும் ஒரு அடுப்பு என்று அளந்து காட்டியவர் பிரான்சின் லவாய்சியர். 1782-83 குளிர்காலத்தில் லாப்லாஸுடன் சேர்ந்து, சுற்றிலும் பனிக்கட்டி நிரப்பிய பாத்திரத்துக்குள் ஒரு கினிப் பன்றியை வைத்தார். அதன் உடம்புச் சூட்டில் எவ்வளவு பனி உருகியது என்று பார்த்தார்கள். மூச்சு விடுவது என்பது மெதுவாக எரிவதுதான் என்ற முடிவு அதிலிருந்து வந்தது. அவரை 1794-ல் கில்லட்டினில் ஏற்றிவிட்டார்கள். வரி வசூல் நிறுவனத்தில் பங்கு வைத்திருந்தது குற்றம்.

நான் தேடிய ஆள் இதற்கு நூறு வருடம் கழித்து அமெரிக்காவில் கிடைத்தார். பெயர் வில்பர் ஆட்வாட்டர். கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்ற சிறிய ஊர், வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வேதியியல் பேராசிரியர். ஜெர்மனிக்குப் போய் ம்யூனிக்கில் கார்ல் வாய்ட் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் தொழில் கற்றுக்கொண்டு வந்தவர். 1890-களில் எட்வர்ட் ரோசா என்ற இயற்பியல்காரருடன் சேர்ந்து கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு அறை கட்டினார்.

அறை என்றால் என்ன அறை! ஏழடி நீளம், நாலடி அகலம், ஆறடிக்குச் சற்றே கூடுதல் உயரம். ரயிலில் இரண்டு பேர் படுக்கிற கூப்பே இதைவிடப் பெரியது. உள்சுவர் செம்பு, அதற்கு வெளியே துத்தநாகம், அதற்கும் வெளியே மரம். உள்ளே மடக்குக் கட்டில், நாற்காலி, மேஜை. ஒரு ஆள் உள்ளே போனால் சில மணி நேரம் முதல் பன்னிரண்டு நாள் வரை அங்கேயே இருக்க வேண்டும். சாப்பாடு இரட்டைக் கதவு வைத்த சிறு துவாரம் வழியாக உள்ளே போகும். கழிவும் அதே போல வெளியே வரும், எடை போட. அறைக்குள் ஓடும் குழாய்களில் குளிர்ந்த தண்ணீரை விட்டு, அது எவ்வளவு சூடாகி வெளியே வருகிறது என்று கணக்கெடுத்தார்கள். உள்ளே இருக்கிறவன் விடுகிற மூச்சுக்காற்றையும் அளந்தார்கள்.

சில சோதனைகளில் ஆள் சும்மா படுத்திருப்பார். சிலவற்றில் நகராத சைக்கிள் ஒன்றை உள்ளே வைத்து மணிக்கணக்கில் மிதிக்கச் சொன்னார்கள். இன்று ஜிம்முக்கு ஜிம் இருக்கிற சைக்கிளின் பாட்டனார். சாப்பாட்டிலிருந்து உடம்புக்குக் கிடைத்த சக்தியும், சூடாகவும் உழைப்பாகவும் வெளியே வந்த சக்தியும் ஒத்துப்போயின. வித்தியாசம் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. இதைப் படித்தபோது எனக்குப் புல்லரித்தது. டிரையல் பேலன்ஸ் முதல் தடவையே டாலி ஆன மாதிரி!

மாவுச்சத்துக்கு கிராமுக்கு 4, புரதத்துக்கு 4, கொழுப்புக்கு 9 என்று பிஸ்கட் பொட்டலத்தின் முதுகில் போடுகிறார்களே, அந்தக் கணக்கு இவரிடமிருந்து வந்தது. உணவுகளை எரித்துப் பார்த்து, கழிவில் போவதைக் கழித்துக் கண்டுபிடித்த எண்கள். நூறு வருடத்துக்கு மேலாகியும் லேபிள்களில் அவை அப்படியே இருக்கின்றன.

சாராயமும் கலோரி தருகிறது, உடம்பு அதை எரித்துப் பயன்படுத்துகிறது என்று அதே அறையில் இவர் நிரூபித்ததுதான் வேடிக்கை. மனிதர் மெதடிஸ்ட் பாதிரியார் மகன். மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப்போனார்கள். மது கம்பெனிகள் அவர் பெயரைப் போட்டு விளம்பரம் செய்தன.

சரி, இத்தனை பாடு எதற்கு? யாரையும் இளைக்க வைக்க இல்லை. நான் எதிர்பாராத விஷயம் இதுதான். கூலித் தொழிலாளியின் வருமானத்தில் பெரும்பங்கு சாப்பாட்டுக்கே போகிறது. அதே காசுக்கு எதை வாங்கினால் அதிக சக்தி கிடைக்கும் என்பதே ஆட்வாட்டரின் கேள்வி. விலை உயர்ந்த இறைச்சியை விட்டுவிட்டு மாவும் பயறும் வாங்குங்கள் என்றார். பச்சைக் காய்கறி அவருக்குக் காசைக் கரைக்கிற சமாசாரம். வைட்டமின் என்ற வார்த்தையே 1912-ல்தான் வந்தது, அவர் 1907-லேயே போய்விட்டார். ஆக, இந்த லெட்ஜர் பிறக்கும்போது அதன் நோக்கம் வரவைக் கூட்டுவது.

அதைத் தலைகீழாகத் திருப்பியவர் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து டாக்டர் அம்மா ஒருவர், லூலூ ஹன்ட் பீட்டர்ஸ். ஒரு காலத்தில் 220 பவுண்டு, அதாவது நூறு கிலோ இருந்தவர். அதில் 70 பவுண்டைக் குறைத்துக் காட்டினார். 1918-ல், உலகப் போர் நடக்கும்போது, உணவையும் ஆரோக்கியத்தையும் பற்றி ஒரு சிறு புத்தகம் எழுதினார். இனிமேல் ஒரு துண்டு ரொட்டி என்று சொல்லாதீர்கள், 100 கலோரி ரொட்டி என்று சொல்லுங்கள் என்பதுதான் அவர் உபதேசம். கலோரி என்ற சொல்லையே எப்படி உச்சரிப்பது என்று சொல்லித்தர வேண்டியிருந்த காலம். படங்கள் வரைந்தது பத்து வயது மருமகப் பிள்ளை. 1924, 1925 இரண்டு வருடமும் அமெரிக்காவில் கதை அல்லாத புத்தகங்களில் விற்பனையில் அதுவே முதலிடம்.

அதே கலோரி நம் நாட்டுக்கு வேறு வாசல் வழியாக வந்தது. நம் குன்னூர்! ராபர்ட் மெக்காரிசன் 1918-ல் அங்கே பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கியது பிறகு ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. மெக்காரிசனுக்குப் பிறகு வந்த அய்க்ராய்ட் 1937-ல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். அரிசி, கேழ்வரகு, துவரம்பருப்பு எல்லாவற்றுக்கும் கலோரி போட்டது அப்போதுதான். அந்த அய்க்ராய்டே பின்னால் வங்காளப் பஞ்சத்தை விசாரித்த கமிஷனிலும் உறுப்பினர். 1979-ல் வறுமைக்கோட்டை வரையறுத்தபோதும் கிராமத்தில் ஆளுக்கு 2,400, நகரத்தில் 2,100 கலோரி என்று வைத்துத்தான் வரைந்தார்கள். அங்கே ஒரு அம்மா இறங்கிப் போகக் கணக்குப் போட்டார். இங்கே ஏறி வருவதற்குப் போட்டார்கள். எங்கள் தலைமுறை ரேஷன் கடை வரிசையில் நின்ற தலைமுறை. தட்டில் மிச்சம் வைக்கக் கை வருவதில்லை என்றால் அதற்கும் சரித்திரம் இருக்கிறது.

இனி என் லெட்ஜரின் வலது பக்கத்துக்கு, அதாவது உடற்பயிற்சிக்கு வருகிறேன்.

1940-களில் அமெரிக்க மருத்துவர்கள் பலர் உடற்பயிற்சியால் எடை குறையாது என்றே நம்பினார்கள். மிச்சிகனில் நியூபர்க் என்ற பேராசிரியர் கணக்குப் போட்டுக் காட்டினார்: 250 பவுண்டு ஆள் ஒரு மாடி ஏறினால் மூன்று கலோரிதான் செலவு, ஒரு துண்டு ரொட்டியைக் கரைக்க இருபது மாடி ஏற வேண்டும். கணக்கு சரிதான். எங்கள் டீக்கடை நண்பரிடம் இதைச் சொன்னேன். "அதான் சார் நான் லிஃப்ட்ல போறேன்" என்றார்.

இதற்கு எதிராகக் கிளம்பியவர் ழான் மேயர். பிரெஞ்சுக்காரர், போரில் சண்டை போட்டவர், பிறகு ஹார்வர்டில் பேராசிரியர். இவர் ஆராய்ச்சிக்குத் தேர்ந்தெடுத்த இடத்தைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். மேற்கு வங்காளத்தில் ஒரு சணல் ஆலை! 1956-ல் வெளியான கட்டுரை. கூட எழுதியவர்கள் பூர்ணிமா ராய், காமாக்யா பிரசாத் மித்ரா. மொத்தம் 213 ஆண்கள். ஆலையை ஒட்டிக் கடை வைத்து நாள் பூராவும் உட்கார்ந்திருப்பவர்கள், மேற்பார்வையாளர்கள், குமாஸ்தாக்கள் ஒரு பக்கம். நெசவாளர்கள், கொல்லர்கள், கரியும் சாம்பலும் அள்ளுபவர்கள், மூட்டை சுமப்பவர்கள் மறுபக்கம். ஒவ்வொருவரும் என்ன சாப்பிடுகிறார், எடை என்ன என்று எடுத்தார்கள்.

லேசான வேலையிலிருந்து மூட்டை சுமப்பவர் வரை கணக்கு ஒழுங்காகப் போகிறது. உழைப்பு கூடக் கூடச் சாப்பாடும் கூடுகிறது, எடை அநேகமாக ஒரே இடத்தில் நிற்கிறது. யாரும் நோட்டு வைத்து எழுதவில்லை, பசியே எழுதிக்கொள்கிறது. ஆனால் உட்கார்ந்தே இருக்கிறவர்களிடம் வந்ததும் கோடு திரும்புகிறது. வேலை குறைந்தால் சாப்பாடும் குறைய வேண்டும் அல்லவா? குறையவில்லை. கடைக்காரர்கள் மூட்டை சுமப்பவர்களுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ சாப்பிட்டார்கள், எல்லோரையும்விடக் கனமாகவும் இருந்தார்கள். ஒரு எல்லைக்குக் கீழே உடம்பு அசையாமல் போனால் பசிக்கு அளவு தெரியாமல் போகிறது என்றார் மேயர்.

இதில் எனக்கு ஒரு ஆட்சேபம் உண்டு. கடைக்காரர் கையில் காசும் எதிரில் பண்டமும் இருந்தது. கரி அள்ளுகிறவருக்கு இரண்டும் இல்லை. எல்லா வித்தியாசத்தையும் பசியின் தலையில் கட்ட முடியாது. ஒரு ஆலையில் ஒரு காலத்தில் எடுத்த கணக்கு வேறு. ஆனாலும் அந்தக் குமாஸ்தாக்களை என்னால் மறக்க முடியவில்லை. 34 வருடம் நான் உட்கார்ந்திருந்த நாற்காலி அது. கவுன்டரில் இருந்தபோது எனக்குப் பசித்ததாகவே நினைவில்லை. பதினொரு மணிக்கு டீயும் பஜ்ஜியும் வரும், சாப்பிடுவோம், அவ்வளவுதான்.

சாப்பாட்டைக் குறைத்தால் என்ன ஆகும் என்பதை அதற்கு முன்பே, போரின் கடைசியில், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் பார்த்துவிட்டார்கள். ஐரோப்பாவில் பட்டினி கிடப்பவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, ஆன்சல் கீஸ் என்பவர் கால்பந்து மைதானத்தின் அடியில் இருந்த ஆய்வுக்கூடத்தில் 36 இளைஞர்களைத் தங்கவைத்தார். மனசாட்சிப்படி ஆயுதம் எடுக்க மறுத்தவர்கள்; தாங்களாக முன்வந்தார்கள். 24 வாரம் அரைப்பட்டினி. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி என்று நாளைக்குச் சுமார் 1,570 கலோரி. வாரம் 22 மைல் நடந்தாக வேண்டும்.

அந்த 1,570-ஐப் படித்ததும் நோட்டைத் திறந்து பார்த்தேன். நான் எனக்கு விதித்திருந்தது 1,500. இளைக்கிறவர்களுக்கு லூலூ அம்மா சொன்னது 1,200!

அவர்கள் கால் பங்கு எடை இழந்தார்கள். கூடவே, சும்மா இருக்கும்போது உடம்பு எரிக்கிற சக்தியும் ஏறக்குறைய நாற்பது சதவீதம் இறங்கியது. நாடித் துடிப்பு மெதுவாகியது, வெயில் காலத்திலும் குளிர்ந்தது, படி ஏறத் தயங்கினார்கள். சமையல் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தார்கள். வரவு குறைந்தால் உடம்பு தானாகச் செலவைச் சுருக்கிவிடுகிறது, நம் அம்மாக்கள் மாதக் கடைசியில் செய்த மாதிரி. சோதனை முடிந்து கட்டுப்பாடு போனதும் அவர்கள் சாப்பிட்ட சாப்பாட்டில், கொழுப்பு பழைய அளவையும் தாண்டியது.

என் 7,700 எங்கிருந்து வந்தது என்பதும் கிடைத்தது. 1958-ல் மேக்ஸ் விஷ்னாஃப்ஸ்கி என்ற மருத்துவர், ஒரு பவுண்டு எடைக்கு 3,500 கலோரி என்று எழுதினார். கிலோவுக்கு மாற்றினால் 7,700. எண் பெரிய தவறில்லை. நான் செய்தது, அந்த எண்ணை வைத்து 123 நாளைக்கும் ஒரே வட்டி போட்டது. எடை இறங்க இறங்க உடம்பின் செலவும் இறங்குகிறது; இன்றைக்கு 500 குறைவு என்று நான் எழுதுவது மூன்று மாதம் கழித்து 500 இல்லை.

நோட்டில் வேறு ஓட்டைகளும் இருந்தன. 1992-ல் நியூயார்க்கில், எவ்வளவு குறைத்தும் இளைக்கவில்லை என்று சொன்ன 10 பேரைச் சோதித்தார்கள். அப்போது ஆட்வாட்டரின் அறை தேவைப்படவில்லை. கனமான ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துச் சிறுநீரைச் சோதித்தால் போதும், எரித்தது தெரிந்துவிடும். அவர்கள் தங்கள் சாப்பாட்டில் ஏறக்குறைய பாதியைச் சொல்லவே இல்லை. செய்த உடற்பயிற்சியை ஒன்றரை மடங்காகச் சொல்லியிருந்தார்கள். பொய் இல்லை. மறதி, உத்தேசம். படித்துவிட்டு என் நோட்டை மனைவியிடம் கொடுத்து ஆடிட் பண்ணச் சொன்னேன். "ஏங்க, தாளிச்ச எண்ணெய் எங்க? சாயங்காலம் டப்பாவைத் திறந்து எடுக்கற முறுக்கு எங்க?" என்று இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டாள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் மட்டும் 120 கலோரி.

நடைப் பக்கத்திலும் அதே கதை. மணிக்கட்டுக் கடிகாரம் காட்டும் 260-ல், அந்த ஒரு மணி நேரம் நான் வீட்டில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாலும் எரிந்திருக்கக்கூடிய சுமார் 80 கலோரி சேர்ந்தே இருக்கிறது. உண்மையான கூடுதல் 180. இரண்டு வடை அளவைப் பொறுத்து 200-லிருந்து 300, காபி தனி. ஆக, எங்கள் டீக்கடைக் கணக்கு முதல் நாளிலிருந்தே ஓவர்டிராஃப்ட்.

தான்சானியாவில் வேட்டையாடி வாழும் ஹட்சா மக்களை 2012-ல் இதே தண்ணீர் முறையில் அளந்தார் ஹெர்மன் பான்ட்சர். ஆண்கள் நாளைக்குப் பதினொரு கிலோமீட்டர் நடக்கிறவர்கள். உடம்பு அளவைச் சரிசெய்து பார்த்தால், மொத்தச் செலவு நகரத்து அமெரிக்கர்களைப் போலத்தான் இருந்தது. நடையில் போவதை உடம்பு வேறெங்கோ மிச்சம் பிடிக்கிறது என்பது அவர் வாதம். நிபுணர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான்: இடது பக்கமும் வலது பக்கமும் தனித்தனிக் கணக்கு இல்லை. ஒன்றில் கை வைத்தால் மற்றது அசையும்.

பிப்ரவரியில் வலது பக்கம் எழுதுவதை நிறுத்தினேன். நடையை நிறுத்தவில்லை, ஒரு மணி நேரம் அப்படியே, மாலையில் இருபது நிமிடம் கூடுதல். அதற்குக் கூலி கேட்பதில்லை. 1,500-ஐ விட்டுவிட்டேன். ராத்திரி நாலு இட்லி மூன்றானது, எண்ணெயை மனைவி அளந்து ஊற்றுகிறாள், முறுக்கு டப்பா பரணுக்குப் போனது. டீக்கடையில் நண்பர் கடிகாரத்தைப் பார்க்கும்போது நான் தண்ணீர் பந்தல் பக்கம் போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு வடை.

போன மாதம் டாக்டரிடம் போனேன். 78. மாத்திரையைக் கூட்டவில்லை. "இப்படியே போகட்டும், ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்" என்றார். மிச்சம் நாலு கிலோ எங்கே என்று அவர் கேட்கவில்லை. நானும் நோட்டை எடுத்துக்கொண்டு போகவில்லை.